வேலாயி அக்காவின் இரண்டு கைகள்

வேலாயி அக்கா மோட்டார் சைக்கிள் பழகப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வயிறு வலிக்கச் சிரித்தேன். நாற்பதை நெருங்கும் வயது. சைக்கிள்கூட ஏறியதில்லை. லோரியில் முன்னால் உட்கார்ந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

"என்னாடி சாரதா, பல்லக் காட்டுற? வேற வழி இருந்தா சொல்லு, கேக்குறேன்" என்றாள்.

சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அது 1983. எங்கள் தேயிலைத் தோட்டம் ரிங்லெட் டவுனுக்கு மேலே, மலையில் இருக்கிறது. நானும் அவளும் கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒரே நிரையில் பக்கம் பக்கமாக நின்று கொழுந்து எடுத்தவர்கள். கையால் கிள்ளிய காலம் போய், கத்திரி வந்திருந்தது. தையல்காரர் கத்திரி இல்லை. வேலி வெட்டுகிற நீளக் கத்திரி. அதில் ஒரு தட்டைப் பொருத்தி, வெட்டுகிற கொழுந்தைத் தட்டில் ஏந்தி, முதுகுக் கூடைக்குள் வீச வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து விரியும், சேர்ந்து மூடும். பொழுது முழுக்க இதே வேலை. அதில்தான் வேலாயியின் வலது தோள் போயிற்று. இனிமேல் கத்திரியைத் தொடாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

சொல்வது அவர்களுக்குச் சுலபம். லோரி ஓட்டிய அவள் புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டில் அவளும், தானா ராத்தா டவுனில் படிக்கிற மகளும்தான். தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் இல்லாத வீட்டைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இது எங்கள் லயத்து வீடுகளில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம். கத்திரியை விட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வீடு இல்லை. வீடு போனால் போவதற்கு அவளுக்கு ஓர் இடம் கிடையாது.

அந்த நேரத்தில்தான் தபால் வேலை காலியானது. தோட்ட ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ராமசாமி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரிங்லெட்டுக்குப் போயி தபால் எடுத்துட்டு வரணும். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் எல்லாத்துக்கும் கொண்டுபோயி குடுக்கணும். மோட்டாரு தோட்டத்துதுதான். ஆனா லைசென்ஸ் இருக்கணும்லா. தீபாவளி வரைக்கும் பாக்குறேன்னு தொரை சொல்லிட்டாரு. அதுக்குள்ள எடுக்காட்டி வெளியாளப் போட்டுருவாரு."

தீபாவளி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கத்திரி பிடிப்பது, அதற்குள் லைசென்ஸ் எடுப்பது. இதுதான் அவள் போட்ட கணக்கு.

பழக்கிக்கொடுக்க வந்தவன் அவள் கொழுந்தன் மாடசாமி. தேயிலை பேக்டரியில் மெஷின் பார்த்துக்கொண்டு, அங்கேயே ஓர் அறையில் நாலு பேரோடு தங்கியிருக்கிறவன். நல்லவன்தான், ஆனால் மோட்டாரில் ஏறினால் பிசாசு. எங்கள் மலையில் சமதரை என்று இருந்தது பந்து விளையாடுகிற திடல் ஒன்றுதான். சாயந்திரத்தில் அங்கே மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்தினான். வேலாயி செத்துப்போன புருஷனின் காற்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். ஹெல்மெட் கொண்டையைத் தாண்டி இறங்காமல் பானை மாதிரி நின்றது. லயமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. முன்வரிசையில் நான்.

"அண்ணி, இந்த வலக்கைப் புடிய முறுக்குனா மினியாக், பெட்ரோலு, போவும், வண்டி ஓடும். எடக்கையில கிளட்ச். புடிச்சா வண்டி நிக்கும், மெல்ல விட்டா நவுரும். அவ்ளோதான் லா."

அவள் கிளட்சை விட்டாள். இன்ஜின் இருமிவிட்டு நின்றது. மறுபடியும் உதைத்தான். விட்டாள், நின்றது. அப்புறம் ஒரு தடவை எப்படியோ நகர்ந்தது. பயந்துபோய்க் கிளட்சைப் பிடித்தாள். வண்டி முட்டுக்கட்டை போட்ட மாதிரி அப்படியே நின்று, அவளையும் சேர்த்துக்கொண்டு புல்லில் சாய்ந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பு பேக்டரிக்குக் கேட்டிருக்கும்.

"வேகமாப் போனா விழவே மாட்டீங்க அண்ணி. மெதுவாப் போனாத்தான் விழுவீங்க" என்றான் மாடசாமி.

"டெஸ்டுல மெதுவாத்தானப்பா போகச் சொல்றாங்க?"

"ஆமா."

"அப்ப நா என்னா செய்யிறது?"

"அதான் அண்ணி கஷ்டம்" என்று தலையைச் சொறிந்தான்.

அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு யோசனை. கீழே பார்த்து ஓட்டு என்றார் ஒருவர். கீழே பார்த்தால் கீழேதான் போவாய், தூரத்தில் பார் என்றார் இன்னொருவர். மூச்சைப் பிடித்துக்கொள் என்றார்கள், மூச்சை விடு என்றார்கள். வாழ்க்கையில் மோட்டாரின் பின்சீட்டில்கூட உட்காராத நான் எல்லோரையும்விட அதிகம் சொன்னேன். அவள் பாவம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து பார்த்தாள். ஒரு கண் கீழே, ஒரு கண் தூரத்தில். அதற்கும் விழுந்தாள்.

வண்டிக்குக் கண்ணேறு என்று முடிவு கட்டி மாரியம்மன் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பூசாரி சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, "மெல்ல ஏத்தி நசுக்கும்மா" என்றார். மெல்ல ஏற்றத் தெரிந்தால் அவள் ஏன் கோயிலுக்கு வரப்போகிறாள்? ஒரு முழம் போவதற்குள் பூசைத்தட்டின் மேல் விழுந்தாள். எலுமிச்சம்பழம் முழுசாகக் கிடந்தது, தேங்காய் உருண்டு சாக்கடைக்குள் போயிற்று. பூசாரி அப்புறம் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இதில் பெரிய கூத்து இன்னொன்று. எங்கள் பக்கத்து ஆட்கள் இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் வருவார்கள். பெட்ரோல் மிச்சம். மாடசாமி ஒரு நாள் அவளை மேல் டிவிஷன் இறக்கத்தில் அப்படி உருட்டிவிட்டான். இன்ஜின் சத்தம் இல்லாமல், காலால் பிரேக்கை மிதித்து மிதித்து, நடக்கிற வேகத்தில், வளைவுக்கு வளைவு, தேர் வருவதுபோல் அசையாமல் வந்தாள். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். பழகிவிட்டாள் என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான் மாடசாமி. மறுநாள் திடலில் இன்ஜினைப் போட்டாள். பழையபடி புல்.

"இன்ஜின் இல்லாம ஓட்டத் தெரியுது, இருந்தா ஓட்டத் தெரியல. இது என்னாடி வெவகாரம்?" என்றாள் என்னிடம். கேலி செய்ய வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அவள் நிஜமாகவே விளங்காமல் கேட்டாள். எனக்கும் நிஜமாகவே விளங்கவில்லை.

விளங்கியது கொழுந்து வெட்டுகிற மலையில்தான். தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தன. காலைப் பனி விலகாத நேரம். அவளுக்குத் தோள் வலி தாங்கவில்லை போலிருக்கிறது. கத்திரியின் வலப்பிடியை இடுப்போடு சேர்த்து அழுத்தி, அதை அசைக்காமல், இடக்கையை மட்டும் விரித்து மூடி வெட்டிக்கொண்டிருந்தாள். தோள் போனவர்கள் எல்லோரும் கடைசியில் செய்கிற வேலை அது. ஆரம்பத்தில் முடியாது, ஒரு கை அசைந்தால் இன்னொன்றும் தானாக அசையும். பழகப் பழகத்தான் வரும். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு என்னவோ உறைத்தது.

"அக்கா, மோட்டார்ல எடக்கையால கிளட்ச விடுறப்போ, வலக்கை என்னா பண்ணுது?"

"அது சும்மாதான் இருக்கு."

"சும்மாவா இருக்கு? நல்லா நெனச்சுப் பாரு."

கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, காற்றில் இரண்டு கையையும் நீட்டினாள். இடக்கையை மெல்ல விரித்தாள். வலக்கையும் கூடவே விரிந்தது. மூடினாள், அதுவும் மூடியது. மறுபடி செய்தாள். யாரோ சூனியம் வைத்த கையைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிளட்சை விடும்போதெல்லாம் வலக்கை முறுக்கிய பிடியையும் விட்டிருக்கிறது, பெட்ரோல் போகாமல் இன்ஜின் நின்றிருக்கிறது. கிளட்சைப் பிடிக்கும்போது வலக்கை அந்தப் பக்கத்துப் பிடியில் இருக்கிற முன் பிரேக்கையும் பிடித்திருக்கிறது, வண்டி குப்புறச் சாய்ந்திருக்கிறது. இறக்கத்தில் கைக்கு வேலையே இல்லை, கால்தான் ஓட்டியது. இதைக் கண்டுபிடித்தது நான்தான். இல்லை, தானே கண்டுபிடித்ததாக அவள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும்.

சாயந்திரம் திடலில், வலது முழங்கையை இடுப்போடு ஒட்டி, முறுக்கிய பிடியை முறுக்கியபடியே வைத்து, இடக்கையை மட்டும் நூல் நூலாக விட்டாள். வண்டி நகர்ந்தது. கிளட்ச் பாதியில் நிற்க, வலது காலால் பின் பிரேக்கை லேசாக மிதித்துப் பார்த்தாள். நாங்கள் பக்கத்தில் நடந்தே போனோம். அவ்வளவு மெதுவாகப் போனாள்.

"இதத்தான அண்ணி நா மொதல்லேருந்து சொல்றேன்!" என்று குதித்தான் மாடசாமி. அவன் இதைச் சொன்னதே இல்லை.

ஆனால் முழுசாக வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நன்றாகப் போய்க்கொண்டிருப்பாள், யாராவது "அக்கா!" என்று கூப்பிட்டால் போதும், இரண்டு கையும் சேர்ந்து மூடிக்கொள்ளும், விழுவாள். எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்று அவளுக்கே தெரியாது.

டெஸ்டு மலைக்குக் கீழே தாப்பா டவுனில். தேயிலை ஏற்றிப்போகிற லோரியில் மோட்டாரையும் ஏற்றி, முன்னால் அவளும் நானும். வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன். அவள் அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. மடியில் இரண்டு கையையும் வைத்து, ஒன்றை மட்டும் விரித்து மூடிக்கொண்டே வந்தாள்.

அங்கே நீளமாக ஒரு குறுகிய பலகை. அதன்மேல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கால் ஊன்றக் கூடாது, கீழே இறங்கக் கூடாது, சர்ரென்று போய்விடவும் கூடாது. அவளுக்கு முன்னால் போன இளவட்டப் பையன்கள் எல்லோரும் மாடசாமி ஜாதி. பலகையில் ஏறுமுன்னே அந்தப் பக்கம் இறங்கியிருந்தார்கள். மலாய் அதிகாரி கடிகாரத்தைக் காட்டி, தலையை ஆட்டி, "பெலான்-பெலான்" என்று அலுத்துக்கொண்டார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம்.

வேலாயி ஏறினாள். இன்ஜின் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன், அவ்வளவு மெதுவாக நகர்ந்தது வண்டி. நாற்காலியில் இருந்த அதிகாரி எழுந்தே விட்டார். பலகை முடிந்தது, அதற்கப்பால் தரையில் போட்டிருந்த கோட்டையும் வண்டி தாண்டியது. எனக்கு வாய் நிற்குமா? "அக்கா!" என்று கத்திவிட்டேன். இரண்டு கையும் மூடின. அங்கேயே விழுந்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி போய்க் கோட்டைப் பார்த்தார், விழுந்து கிடந்த வண்டியைப் பார்த்தார், இன்னோர் அதிகாரியைக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு பேருக்கும் பாஸா பெயிலா என்று புரியவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் பெயில் என்று சட்டம் இருக்கிறதாம். தாண்டியபின் விழுந்தவர்கள் யாரும் இதுவரை இல்லையாம். கடைசியில் அவர் சிரித்துவிட்டு, "லூலுஸ்" என்றார். பாஸ். வேலாயி நம்பாமல், இன்னொரு தடவை ஏறட்டுமா என்று சைகையில் கேட்டாள். நான் அவள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் கிராணி ராமசாமியிடம் சொன்னோம். திங்கட்கிழமையிலிருந்து தபால் வேலை அவளுக்கு என்றார். டீ நானே போடுகிறேன் என்று அவள் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

வீடு காலியாக இருந்தது. சுவரோரமாக உரச் சாக்குகள் வரிசையாக நின்றன. பாத்திரம், துணி, மகளின் பழைய புத்தகம், சாமிப் படம் எல்லாம் உள்ளே போட்டு, கயிறு சுற்றிக் கட்டியிருந்தாள். வெளியே இருந்தது ஒரு சட்டி, இரண்டு டம்ளர், பாய். அவ்வளவுதான். இத்தனை நாளும் அவள் என்னை வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எப்பக்கா கட்டுன?"

"மொத நாளு திடல்ல விழுந்தேன்ல, அன்னிக்கே. தோட்டத்துல கெளம்புன்னு சொல்றப்போ எல்லாரு முன்னுக்கும் ஓடி ஓடிக் கட்ட வேணாம்னுதான். யாருகிட்டயும் சொல்லாதன்னு மககிட்ட சொல்லியிருந்தேன்."

அன்றைக்கு முன்வரிசையில் நின்று சிரித்தவள் நான். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சாக்குகளுக்கு நடுவே நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத மொதல்ல அவுக்கிறதுன்னு தெரியலடி சாரதா" என்றாள்.

கைக்கு எட்டிய சாக்கின் முன்னால் உட்கார்ந்தேன். முடிச்சை அவ்வளவு இறுக்கிப் போட்டிருந்தாள்; நகத்தால் ஆகாமல் பல்லால் கடித்து இழுத்தேன்.