குளியல் தொட்டி உள்ள அறை வேண்டும்

அப்பா இறந்து பதினொரு வாரம் ஆகிறது. இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் தேநீர் குடித்தபோது மெல்போர்ன் ஹோட்டல் கதையை ஐந்து பேர் சொன்னார்கள். ஐந்தும் தப்பு. ஒருவர் குளியல் தொட்டியில் கன்றுக்குட்டியையே இறக்கிவிட்டார். நடந்தது இதுதான்.

அப்பா பெயர் லெஸ் பார்ஃபிட். டெனிலிக்வின் என்ற ஆற்றங்கரை ஊரில் பட்டறை வைத்திருந்தார். மாடுகள் குடிக்கும் தொட்டிகளுக்கு மிதவை வால்வு செய்வார். தண்ணீர் குறைந்தால் திறக்கும், நிரம்பினால் மூடும். அது எல்லோரும் செய்வதுதான். அப்பாவுடையது சேறு பட்டாலும் ஒழுகாமல் மூடும். அவரோடு மூன்று பேர் வேலை பார்த்தார்கள். இந்தக் கதை நடந்த வருடம் மழை பொய்த்து, ஊரில் மாடுகளை விற்றுவிட்டார்கள். வால்வு வாங்க ஆளில்லை. நாடு முழுக்கப் பண்ணைக் கடைகளுக்குச் சரக்கு எடுக்கும் மெல்போர்ன் நிறுவனம் ஒன்று, கொண்டுவந்து காட்டுங்கள் என்று அழைத்தது. செவ்வாய் காலை எட்டரை மணிக்கு. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸோடு பட்டறையைப் பூட்டிவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். மூன்று பேரிடமும் அதைச் சொல்லியும்விட்டார்.

நான் அடிலெய்டில் தண்ணீர் வாரியத்தில் பொறியாளர். கூடப் போக முடியவில்லை. அதற்குப் பதிலாகப் பதினான்கு ஹோட்டல்களை அட்டவணை போட்டு அனுப்பினேன். தூரம், வாடகை, விருந்தினர் மதிப்பெண், எல்லாவற்றுக்கும் தனித்தனி எடை. அப்பா அதை அச்செடுத்து, தொலைபேசி எண்களை மட்டும் வெட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக அழைக்க ஆரம்பித்தார்.

அவர் கேட்டவை வேறு. ஜன்னல் திறக்குமா? கெட்டிலில் எத்தனை கோப்பை கொதிக்கும்? விடியுமுன் சத்தத்தோடு காலி பாட்டில் அள்ளும் லாரி எந்தப் பக்கம் வரும்? முக்கியமாக, குளியல் தொட்டி உண்டா? நான்கு மணி நேரம் வண்டி ஓட்டினால் அவருக்கு முழங்கால் மடங்காது. சுடுதண்ணீரில் ஊறினால்தான் மறுநாள் நடப்பார். ஒன்பதாவதாக அழைத்த ஹோட்டலில் ஒரு பெண், ஆற்றைப் பார்த்த அறையா, நகரத்தைப் பார்த்த அறையா என்று கேட்டாள்.

"ஆத்தை நான் தெனமும் பாக்குறேம்மா. தொட்டி எவ்வளவு நீளம், அதைச் சொல்லு."

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். அளந்துட்டுக் கூப்பிடட்டா?"

அளந்துவிட்டு அழைத்தாள். ஆயிரத்து எழுநூறு மில்லிமீட்டர். அந்த ஹோட்டலையே பிடித்தார். நிறுவனத்துக்கு நடந்தே மூன்று நிமிடம். என் அட்டவணையில் அது பதினொன்றாம் இடம்.

எல்லாம் கேட்டவர் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. வண்டி எங்கே நிற்கும்? கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. வாழ்நாள் முழுக்க அவர் தங்கியதெல்லாம் நெடுஞ்சாலை மோட்டல்கள். அங்கே வண்டி அறைக் கதவுக்கு நேர் எதிரில் நிற்கும். சாமான் வண்டியிலேயே கிடக்கும். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு சீட்டு தருவார்கள். வேண்டியதை எழுதிக் கதவுக்கு வெளியே வைத்தால் விடிந்ததும் சுவரில் இருக்கும் சின்னக் கதவு வழியாகத் தட்டு உள்ளே வரும்.

திங்கள் மாலை ஹோட்டல் வாசலில் கோட்டு போட்ட ஒருவன் சாவி கேட்டான். நல்ல மரியாதை என்று அப்பா கொடுத்துவிட்டார். பெட்டியும் வால்வும் மட்டும் கையில். செயல்விளக்கத்துக்கான தகரத் தொட்டியும் கைப்பம்பும் வண்டியின் பின்னால் கயிறு கட்டியபடி போயின. அவன் ஒரு சீட்டு தந்தான். அதில் நேரம் எழுத ஒரு கட்டம். அப்பா கண்ணாடியைத் தேடாமல், ஆறரை, முட்டை இரண்டு, தக்காளி, சாசேஜ் வேண்டாம் என்று எழுதிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, தொட்டியில் ஊறிவிட்டுத் தூங்கினார்.

ஆறரைக்கு முட்டை வரவில்லை. ஏழு வரை பொறுத்தார். கதவைத் திறந்தால் சீட்டு அங்கேயே கிடந்தது. கீழே எடுத்துக்கொண்டு போனார். தொட்டியை அளந்த பெண்தான் முகப்பில் இருந்தாள். சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"சார், இது வண்டியை வெளிய எடுக்கச் சொல்ற சீட்டு. வண்டி மூணு தெரு தள்ளி, மாடிப் பார்க்கிங்ல நிக்குது. ராத்திரியே சொன்னவங்க வண்டியெல்லாம் எடுத்து முடிச்சு உங்களோடது வர ஒம்போது மணி ஆயிடும்."

"முட்டை?"

"முட்டை உடனே வந்துடும் சார்."

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். சரக்கு வாங்கும் மேலாளர் ரெனாட்டா கோவாக். அந்த அம்மாளுக்குப் பதினொன்றரைக்கு பெர்த் விமானம். ஒன்பதரைக்குமேல் ஒரு நிமிடம் தரமாட்டார். எட்டரைக்கு அப்பா வால்வைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் நின்றார். தண்ணீர் இல்லாமல் காட்டினால் அது வெறும் பித்தளை. முகமெல்லாம் சிவந்து, என் ஹோட்டல் அறைக்கு வாருங்கள் என்றார் அப்பா. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"மிஸ்டர் பார்ஃபிட், முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். காலை எட்டரைக்கு யாரும் இப்படிக் கூப்பிட்டதில்ல."

"தொட்டி அங்கதாம்மா இருக்கு. நாலு பேரை வேணாலும் கூட்டிட்டு வாங்க."

நான்கு பேரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார்.

குளியல் தொட்டியில் இருந்த கை ஷவர் குழாயின் மரையும் அப்பா வால்வின் மரையும் ஒரே அளவு, அரை அங்குலம். குழாய்த் தலையைக் கழற்றி வால்வை மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொட்டி நிரம்பியது, வால்வு மூடியது. ஒரு சொட்டு இல்லை. ரெனாட்டா அசையவில்லை. நல்ல தண்ணீரில் எதுவும் மூடும் என்றார். அப்பா முகப்புக்கு இறங்கிப் போய், அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு, பூச்செடி மண்ணை ஒரு பிடி கொண்டுவந்து, வால்வைத் திறந்து, தண்ணீரை அடைக்கும் ரப்பரில் அப்பினார். பிறகு ஐஸ் வாளியை ரெனாட்டாவிடம் நீட்டினார்.

"நீங்கதான் இப்ப மாடு. குடிங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மொண்டார். வால்வு திறந்தது, நிரப்பியது, மூடியது. மறுபடி மொண்டார். பதினேழு முறை என்று அப்பா எண்ணியிருந்தார். பதினேழிலும் ஒழுகவில்லை. ரெனாட்டாவின் முழங்கைவரை சேறு. கூட வந்தவர்களில் ஒருவர் கழிவறை மூடிமேல் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

முந்நூறு வால்வு, ஆறு வாரத்தில் முடியுமா என்று ரெனாட்டா கேட்டார். முடியும் என்றார் அப்பா. பட்டறையில் நான்கு பேர் சேர்ந்து அதுவரை மாதம் எண்பதைத் தாண்டியதில்லை.

அவர்கள் போனதும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து என்னை அழைத்தார். ஆர்டரைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை.

"கண்ணு, உனக்கு லீவு எத்தனை நாள் மிச்சம் இருக்கு?"

"இருபது. ஏன்ப்பா?"

"ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும். பட்டம் வாங்கியிருந்தாலும் பரவால்ல."

இருபது நாளையும் எழுதிக் கொடுத்துவிட்டு அன்று மாலையே கிளம்பினேன்.