இழுத்துவிட்ட டி-சர்ட்

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்த குணம். கடைக்காரரின் கையைவிடத் தராசு முள்ளைத்தான் பார்ப்பேன். அதனால், பிள்ளைகள் மனப்பாடம் செய்யக்கூடாது, எதையும் கையால் செய்து பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் சொன்னபோது அதையும் சந்தேகப்பட்டேன். கேள்வி கேட்கிற பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக் கொஞ்சும்?

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி பள்ளிக்கூடமும் நடத்துவது அதிசயமில்லை. எங்கள் கரஸ்பாண்டென்ட் அப்படிப்பட்டவர். விளையாட்டு விழாவுக்கான மஞ்சள் டி-சர்ட்டுகளை அவர் கம்பெனியிலேயே தைத்துக் கொடுத்திருந்தார். அளவு பார்க்க, என் நான்காம் வகுப்பை ஒருநாள் போட்டுக் காட்டச் சொன்னோம். அணிவகுப்பில் கொடி பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு மட்டும் அது இடுப்புக்கு மேலே நின்றது.

"இது போன வருசத்துதுங்க டீச்சர். புதுச ஊர்ல இருக்கற சொந்தக்காரப் புள்ளைக்கு அனுப்பிட்டாங்களாட்ட இருக்குது" என்றார் பி.டி. மாஸ்டர். புதிதைக் கொண்டுவந்தால்தான் கொடி என்றும் சொல்லிவிட்டார்.

அவளுடைய அம்மா தெற்கிலிருந்து வந்து கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு ஓடிவந்தார். "புதுத்துணிய அலசாம உடுத்தக்கூடாதுல்லா டீச்சர்? ஒருக்கா தண்ணியில அலசிப் போட்டேன். அதுக்கே இப்படி ஏறிட்டு."

எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற மகள் அழவில்லை. என்னை முறைத்தாள். "எதையும் செஞ்சு பாத்துத்தான் சொல்லணும்னு நீங்கதான சொன்னீங்க?"

வசமாக மாட்டிக்கொண்டேன். ஆபீசில் மீதமிருந்த ஒரு டி-சர்ட்டைக் கேட்டு வாங்கி வந்து, அதன்மேல் ஸ்கேல் நீளத்துக்குப் பேனாவால் ஒரு சதுரம் போட்டோம். வாளியில் நனைத்து, பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயவைத்தோம். வீட்டில் நான் வேறு துணியை மாற்றிவிடுவேனோ என்று பிள்ளைகளுக்குச் சந்தேகம். ஆளுக்கொரு மூலையில் தங்கள் அடையாளத்தைக் கிறுக்கினார்கள். துணியை வகுப்பிலேயே வைத்துப் பூட்டச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் அளந்தோம். அகலம் அப்படியே இருந்தது. நீளத்தில் இரண்டு விரற்கடை காணோம்.

துணியைக் கரஸ்பாண்டென்ட்டிடம் கொண்டுபோனேன். அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்கு நெருடியது. "வெச்சுட்டுப் போங்க டீச்சர், பாக்கறனுங்க" என்றார். அடுத்த நாள் சிரித்த முகமாக வகுப்புக்கே வந்து, தேய்த்து மடித்த அதே துணியை, பிள்ளைகளின் கிறுக்கல் தெரிய மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்தார். அளவு துல்லியமாக இருந்தது.

"பாத்தீங்களா கண்ணுகளா, துணி நல்லாத்தான் இருக்குது. நீங்கதான் அளக்கறப்ப தப்புப் பண்ணிட்டீங்க."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவள் அப்பா பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர். "சார், எங்கப்பாவும் துணி வாங்கறவங்க ஆளு வந்து அளவு பாக்கறதுக்கு முந்தி, ஆவி காட்டி இழுத்து உட்டுத்தான் தேய்ப்பாருங்க. அப்ப அளவு வந்துருமுங்க."

"அது தொழிலு கண்ணு."

"இன்னொருக்கா நனைச்சுப் பாத்துரலாங்களா சார்?"

அவர் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசலில் என்னிடம் மட்டும், "புள்ளைகளுக்குப் பாடத்தச் சொல்லிக் குடுங்க டீச்சர், போதும்" என்றார். கொடி விஷயத்தில் மாற்றமில்லை. அன்று எனக்கு எரிச்சலில் சாப்பாடு இறங்கவில்லை.

விழா நாள் காலையில் என் வகுப்பு வரிசையில் வந்து நின்றது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருடைய டி-சர்ட்டும் இடுப்புக்கு மேலே நின்றது. எல்லோருமே வீட்டில் அலசிப் போட்டிருந்தார்கள். எது போன வருடத்தது, எது புதிது என்று பிரிக்க முடியாமல் பி.டி. மாஸ்டர் முன்னும் பின்னும் நடந்தார். விருந்தினர்கள் மேடை ஏறிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கொடியை முதலில் தேர்ந்தெடுத்த அந்தப் பெண் கையிலேயே கொடுத்தார்.

கரஸ்பாண்டென்ட் என் பக்கம் குனிந்தார். "நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?"

"இல்லீங்க சார்."

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். யார் கிளப்பிவிட்டது என்று பின்னால் எத்தனை முறை கேட்டும், பிள்ளைகள் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று உட்கார்ந்திருந்தார்கள்.

பேண்டு வாத்தியம் தொடங்கியது. அவள் இரண்டு கையாலும் கொடியை உயர்த்தினாள். டி-சர்ட் இன்னும் மேலே ஏறியது. மேடையைத் தாண்டும்வரை அவள் அதை இழுத்துவிடவே இல்லை.