கோழி நூடுல்ஸில் நான் சொல்லாமல் விட்டது

நான் ஒரு முஸ்லிம் நண்பருக்கு, வைன் ஊற்றிச் சமைத்த கோழி நூடுல்ஸைத் தெரிந்தே பரிமாறினேன். கைதவறி ஒரு தரம் நடந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. ஐந்து தரம் பரிமாறினேன். என்னென்ன போட்டேன் என்று அவர் கேட்டபோது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அதை மட்டும் விட்டுவிட்டேன். எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை எழுந்து கேற்றடிக்குப் போய் வந்துவிட்டேன். யாரும் வரப்போவதில்லை, அது எனக்குத் தெரியும்.

கண்டி நீதிமன்றத்தில் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். மூலத்தில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் தந்திருக்கிறேன் என்று ஆயிரக்கணக்கான தாள்களில் ஒப்பமிட்டவன். நண்பர் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் மின்சாமான் கடை வைத்திருந்தார். ஊர் மடவளை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னை மரியாதையாக சேர் என்பார். இப்போது கடையை மகன் பார்க்கிறார். என் வீடு கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஏற்றத்தில். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. மகள் மெல்பேர்னில்.

டவுனில் ஒரு சைனீஸ் கடை இருந்தது. சம்பள நாளில் அங்கிருந்து ஒரு பெட்டி கோழி நூடுல்ஸ் வாங்கிப் போவது எங்கள் வீட்டு வழக்கம். நானாவும் சில நாள் என்னோடு அந்தக் கடை வாசல் வரை நடந்து வருவார், உள்ளே வரமாட்டார்.

"நீங்க வாங்கிட்டு வாங்க சேர். நான் வெளியில நின்டு வாசத்த மட்டும் தின்றேன்," என்பார். "உள்ளுக்கு என்ன ஊத்துறானுகளோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை நின்ற அந்த வருடம் கடை மூடப்பட்டது. பிறகு திறக்கவேயில்லை. தனியாக இருந்த எனக்கு அந்த நூடுல்ஸை வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் பிடித்தது. பொழுது போகாததும் ஒரு காரணம். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் களி. நூடுல்ஸை முழுக்க வேகவிட்டுவிடுவேன், தாச்சிச் சட்டியில் போட்டதும் கட்டியாகிவிடும். பிறகு, கடித்தால் நடுவில் கொஞ்சம் விறைப்பாக நிற்கும்போதே இறக்கி, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவிப் பரத்தி ஆறவிடப் பழகினேன். கோழி நெஞ்சுக் கறியை மெல்லிசாக வெட்டி, சோயா சோஸ், சோள மா, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பிசறி அரை மணி வைப்பேன். கோவா, கரட், லீக்ஸ் என்று மரக்கறியெல்லாம் தீக்குச்சி கனத்துக்கு வெட்டுவேன். அடுப்பை முழுதாகத் திறந்து, தாச்சி புகையும் வரை காயவிட்டுத்தான் எதையும் போடுவேன். எல்லாம் சரியாக வந்தது. கடையின் வாசம் மட்டும் வரவில்லை.

விடுமுறைக்கு வந்த மகள் ஒரு போத்தல் கொண்டு வந்தாள். அரிசியில் செய்த சீனச் சமையல் வைன்.

"அப்பா, நீங்க தேடுறது இதுதான். ரெண்டு கரண்டி போதும். தாச்சி ஓரமா ஊத்துங்க," என்றாள்.

ஊற்றினேன். விளிம்பில் ஒரு சுவாலை எழுந்து அடங்கியது. அந்த வாசம் வந்துவிட்டது. மகள் கைதட்டினாள்.

அவள் திரும்பிப் போன பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைத்து இறக்கிய நேரத்தில் கேற்றுச் சத்தம் கேட்டது. சன்னலால் பார்த்தேன், நானா. அப்போது நான் செய்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மேசையில் இருந்த போத்தலை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அவர் கேட்கும் முன்பே, பொய் சொல்வதற்கு இடம் ஒழுங்கு செய்துவிட்டேன்.

"என்ன சேர், அந்த மூடின கடைய உங்கட குசினியில தொறந்தீக்கீங்களா? வாசம் ரோட்டு வளைவு வரைக்கும் வருது."

"வாங்க நானா. சும்மா செஞ்சு பார்த்தேன்."

"கோழி?"

"மடவளையில, நீங்க காட்டின ஹலால் கடையில வாங்கினது."

அது உண்மை. அவர் தாச்சிக்குள் எட்டிப் பார்த்தார். "வேற என்னென்ன போட்டீக்கி?"

"முட்டை, கோவா, கரட், லீக்ஸ், சோள மா, சோயா சோஸ், கொஞ்சம் மிளகு. வேற ஒன்னும் இல்ல."

அவ்வளவுதான். பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினார். "நாப்பது வருசமா வாசலோட போன ருசி, இன்டைக்குத்தான் வாய்க்குள்ள வந்தீக்கி," என்று சிரித்தார். எனக்கு அந்தப் பாராட்டு வேண்டியிருந்தது. அதைவிட, மேசையில் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடுவது வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் எழுந்துவிடுவார் என்று பயந்தேன். சூட்டில் வைன் ஆவியாகிப் போய்விடும், மிஞ்சாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரசாயனம் நான் படித்த பாடமும் அல்ல, அவர் கேட்ட கேள்வியும் அல்ல.

அடுத்த மாதம் கோழியை அவரே வாங்கி வந்தார். "கோழி என்ட பொறுப்பு, நெருப்பு உங்கட பொறுப்பு," என்றார். வைன் இல்லாமல் செய்துவிடலாம் என்றுதான் தாச்சியைக் காயவைத்தேன். ஆனால் ருசி குறைந்தால் ஏன் என்று கேட்பாரே. அவர் முன்னறையில் செய்தி பார்க்கும்போது ஊற்றினேன். மூன்றாம் தரத்திலிருந்து அவர் வீட்டுக்கும் ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தேன். அவர் மனைவி தொலைபேசியில், "சேர், பேரப்புள்ளைகள் சண்ட புடிச்சித் தின்டுதுகள்," என்றார். அன்று என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. போத்தலைக் கழுவுதொட்டியில் ஊற்றப் போய், மூடியைத் திறந்து, மறுபடி மூடி வைத்தேன்.

ஐந்தாம் தரத்துக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, புது வெள்ளை ஜுப்பாவோடு அவர் வந்தார். மகன் முச்சக்கரவண்டியோடு கேற்றடியில் காத்திருந்தார். ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டது, பத்து நாளில் பயணம் என்றார். போகும் முன் பழகியவர்களிடம் போய், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். எனக்கு அது தெரியும். என் வீட்டுக்கும் வருவார் என்று ஏனோ நினைக்கவில்லை.

உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"சேர், நான் உங்களுக்குச் செஞ்ச குத்தத்த எல்லாம் மாப்புச் செய்யணும்."

"நீங்க எனக்கு என்ன குத்தம் செஞ்சீங்க நானா? விடுங்க."

"இல்ல, ஒன்டு ஈக்கி. கேஸ் இல்லாத காலத்தில நீங்க சிலிண்டர் ஒன்டு கெடைக்குமான்டு கேட்டீங்க. எங்கட கடைக்குப் பின்னால ரெண்டு இருந்திச்சி. இல்லன்டு சென்னேன். நீங்க வெறகு வச்சி இருமிக்கிட்டு சமைச்சது எனக்குத் தெரியும்." அவர் கண் கலங்கியிருந்தது. "இத்தின நாளா செல்ல வெக்கமா இருந்திச்சி."

நான் அவர் தோளைத் தட்டினேன். "அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன். மன்னிச்சாச்சு நானா, சந்தோசமா போயிட்டு வாங்க," என்றேன். நல்ல குரலில், பெரிய மனிதனைப் போல. அவர் நன்றி சொல்லிப் படி இறங்கினார். மன்னிக்கும் இடத்தில் நின்றவன் யார் என்று எனக்கு உறைத்தபோது முச்சக்கரவண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

சொல்லாமல் விட்டால் அவர் நிம்மதியாகப் போவார், சொன்னால் என் பாரத்தை அவர் தலையில் ஏற்றி அனுப்புகிறேன் என்று ஒரு பக்கம் வாதாடினேன். வழக்கறிஞர்களோடு நெடுங்காலம் இருந்தவனுக்கு வாதத்துக்கா பஞ்சம்? ஆனால், எல்லாக் கணக்கையும் தீர்த்துவிட்டதாக நினைத்துப் போகிறவருக்கு, அவரோடு தொடர்புள்ள ஒன்றை மறைப்பது ஆறாம் தரமும் பரிமாறுவதுதான். மூன்றாம் நாள் காலை போத்தலை ஊற்றிவிட்டு மடவளை பஸ்ஸில் ஏறினேன்.

வீடு நிறைய ஆட்கள். வழியனுப்ப வந்த உறவுகள், விரித்த பாய்கள், சாப்பாட்டுத் தட்டங்கள். நானாவைத் தனியே பிடிக்க முடியவில்லை. அவர் மனைவி என்னைக் கண்டதும் கதிரை போட்டு, வட்டிலப்பமும் தேத்தண்ணியும் வைத்தார். "தின்னுங்க சேர், எல்லாம் என்ட கையால செஞ்சது," என்றார். அந்தக் கையை நம்பி நான் சாப்பிட்டேன். இரண்டு தரம் எழுந்து, இரண்டு தரமும் யாரோ உட்கார வைத்தார்கள். அஸர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்க அவர் பின்பக்கக் குழாயடிக்குப் போனபோது பின்னாலேயே போனேன்.

"நானா, நூடுல்ஸ்ல நான் வைன் ஊத்தினேன். நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னேன்."

அவர் குழாயை மூடினார். முழங்கை வரை தண்ணீர் சொட்டியது.

"எத்தின தரம்?"

"அஞ்சு தரமும்."

"ஊட்டுக்குத் தந்ததுலயுமா?"

"அதுலயும்தான்."

உள்ளே பேரப்பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"கேட்டுத்தானே தின்டேன் சேர்," என்றார் கடைசியில். "தெரியாமத் தின்டது எங்களுக்குக் குத்தமில்ல. உங்களுக்கு நான் மாப்புத் தந்துட்டேன். அது இல்லாம எனக்கு அங்க போக ஏலாது. ஆனா ஒன்டு. ஊட்டுல இவக்கு இது தெரியப்படாது. புள்ளைகளுக்கு ஊட்டி உட்டது அவதான். நீங்க சத்தியம் பண்ணுங்க."

"நான் அவங்ககிட்டயும் மன்னிப்பு..."

"அது உங்களுக்கு நல்லம். அவக்கு நல்லமில்ல."

சத்தியம் செய்தேன். அவர் குழாயைத் திறந்து, ஒளுவை முதலிலிருந்து தொடங்கினார். நான் தோட்டத்து வழியாக வெளியேறி பஸ்ஸுக்கு நடந்தேன்.

அவர் ஹாஜியாராகத் திரும்பி வருவதற்குள் நான் பழைய தாச்சி, கரண்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்திப் புதிது வாங்கினேன். பேரீச்சம்பழமும் சம்சம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அவரே என் வீட்டுக்கு வந்தார். குசினிக்கு அழைத்துப் போய்ப் புதுத் தாச்சியைக் காட்டி, "நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, செய்றேன்," என்றேன். தாச்சியைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனம்," என்றார். பிறகு, "வயிறு சரியில்ல சேர், இன்னொரு நாளைக்கு," என்றார். அந்த இன்னொரு நாள் இதுவரை வரவில்லை. வருகிறார், பேசுகிறார், என் கையை முன்போலவே பிடிக்கிறார். முற்றத்து மரத்துச் செவ்விளநீரைக் கண் முன்னால் வெட்டிக் கொடுத்தால் குடிக்கிறார். வேறு எதையும் தொடுவதில்லை. அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை.

சென்ற மாதம் அவர் வீட்டில் பகல் சாப்பாடு. பரிமாறிக்கொண்டே அவர் மனைவி கேட்டார்: "சேர், இப்ப அந்த நூடுல்ஸ் செய்றதே இல்லையா? புள்ளைகள் ஒரே கேக்குதுகள்."

நான் வாய் திறக்கும் முன் ஹாஜியார் சொன்னார்: "அவருக்குக் கை ஏலா. தாச்சி தூக்க முடியுதில்ல."

சொல்லிவிட்டுச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலத்தில் அவர் மனைவியிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காக, என் முன்னால், ஹஜ் செய்துவிட்டு வந்த வாயால் சொன்னார். மறுத்தால் சத்தியம் போகும். தலையாட்டினேன்.

"அல்லாஹ்வே, செல்லவே இல்லையே," என்று அந்த அம்மா உள்ளே போய், குண்டசாலை வைத்தியரிடம் வாங்கிய மூலிகை எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். காலையும் மாலையும் சூடாக்கித் தேய்க்க வேண்டுமாம். இப்போது வாரத்துக்கு ஒரு தரம் தொலைபேசி எடுத்து, கை எப்படி என்று விசாரிக்கிறார். கொஞ்சம் பரவாயில்லை என்கிறேன்.