கேளாமல் வர வேண்டிய நாள்

என் எழுதுமேசையின் மீது, என் பெயர் அச்சிட்ட முகவரிச் சீட்டு ஒன்று கிடக்கிறது. பிறருக்குக் கொடுப்பதற்கென அச்சிட்டது. ஒருவரிடம் ஏழாண்டுகள் இருந்துவிட்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. முனைகள் மழுங்கிவிட்டன. முகர்ந்தால் மிளகு மணக்கிறது. முன்புறத்தில் என் பட்டங்கள் இரண்டு வரிக்கு நீள்கின்றன. பின்புறத்தில் நீலப் பேனாவால், சற்றே சாய்ந்த எழுத்தில், மூன்று குறிப்புகள். “தமிழ் வாத்தியார், சொல்லுச் சேக்கறவரு” என்பது முதலாவது. “காப்பிக்குச் சர்க்கரை ஆகாது” என்பது இரண்டாவது. மூன்றாவதைப் படிக்கும்போதெல்லாம் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

எழுதியவர் கொல்லிமலையில் எனக்கு வழித்துணையாக வந்தவர். அரியூர் நாட்டு உழவர். என்னைவிட முப்பது அகவை இளையவர். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மலைமக்களின் வேளாண் சொற்களைத் தொகுக்கும் பணியை நான் மேற்கொண்டேன். பருவத்துக்கு ஒருமுறை பேருந்தில் மலையேறுவேன். நிறுத்தத்தில் அவர் குடையும் காப்பிக் குடுவையுமாக நின்றிருப்பார். திண்ணனூர் நாட்டில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கெல்லாம் ஒற்றையடிப் பாதையில் அழைத்துச் சென்றார். புளியஞ்சோலைக்கு இறங்கும் காட்டுவழியில் பாதித் தொலைவுவரை ஒருமுறை சென்றோம். நடந்துகொண்டே இருப்பவர் திடுமென நின்றுவிடுவார். “இந்தக் கொடிய ஒருக்காப் பாத்துட்டுப் போலாமுங்கய்யா” என்று மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில் குந்திவிடுவார். நானும் பக்கத்துப் பாறையில் அமர்ந்துகொள்வேன். மிளகின்மேல் இந்த மனிதருக்கு இத்தனை பற்றா என்று வியந்ததுண்டு. அவ்வியப்பைக் குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

அவருடைய துணையை நாடியவன் நான் மட்டுமல்லன். செடிகொடி ஆராய்வோர், பறவை பார்ப்போர், சிறுதானிய விதை தேடுவோர் எனப் பலரும் வந்தனர். இறங்கும் வேளையில் ஒவ்வொருவரும் ஒரு முகவரிச் சீட்டை நீட்டி, “எது வேண்டுமானாலும் தொடர்பு கொள்ளுங்கள்” என்று கூறிச் சென்றனர். அவர் அவற்றையெல்லாம் மிளகு போட்டுவைத்திருந்த தகரப் பெட்டி ஒன்றில் சேர்த்துவைத்தார். தாவரவியலில் இளநிலைப் பட்டம் பெற்று, குடும்பச் சுமையால் நின்றுபோன மேற்படிப்பை அப்போது மீண்டும் தொடங்கியிருந்தார். மனைவியோடும் மகளோடும் மலையிலேயே இருந்து செய்யும்படியான ஒரு வேலை. அவர் வேண்டியது அவ்வளவே. “இல்லாட்டி எங்க மச்சானாட்ட ரிக் வண்டியில ஏறோணுமுங்க” என்பார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அவ்வண்டிகளோடு வடநாட்டுக்குப் போகிறவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பினாலே பெரிது.

அப்போது நான் அவருக்கு அறிவுரை கூறினேன். வேலை விளம்பரத்தால் கிடைப்பதைவிட அறிந்தவர் வாய்ச்சொல்லால் கிடைப்பதே மிகுதி என்றும், வந்துபோகும் அறிஞர்களின் தொடர்பைப் பேணிக்கொள்ள வேண்டும் என்றும் விரித்துரைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

“அப்ப எங்க மாத்தாளு மாதிரித்தானுங்களா?”

“ஆம், அதுவேதான்” என்றேன். உவமை நன்றாக அமைந்ததென்று எனக்கு மகிழ்ச்சி வேறு.

மாத்தாள் என்பது அவர்களுடைய வேளாண் வழக்கம். ஒருவர் காட்டில் மற்றவர் ஒரு நாள் உழைத்தால், அவரும் இவர் காட்டுக்கு ஒரு நாள் வந்தாக வேண்டும். ஆனால் வாவென்று யாரும் அழைப்பதில்லை. “எங்க காட்டுல சாமை முத்திருச்சு” என்று போகிற போக்கில் ஒரு சொல். கேட்டவர் மறுநாள் விடியலில் அரிவாளோடு வந்து நிற்பார். வாய்திறந்து கேட்பது, எதிரில் நிற்பவரை நன்றி கெட்டவரென்று ஏசுவதற்கு ஒப்பாகும். இதை நான் கேள்வியால் மட்டும் அறிந்தவனல்லன். இது பற்றி ஒரு கட்டுரையே எழுதிப் பாராட்டும் பெற்றவன்.

அவர் படிப்பை முடித்தார். என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: “ஐயா, படிப்பு முடிஞ்சிருச்சுங்க. முதல் வகுப்புங்க.” நான் “வாழ்க, வளர்க” என எழுதி, பூங்கொத்துப் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். சாமை முத்திவிட்டது என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் பூவின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

அதற்கு அடுத்த திங்களில், கொல்லிமலையின் செடிகொடிகளைப் பதிவுசெய்யும் திட்டமொன்றின் பொறுப்பில் இருந்த நண்பர் என்னை அழைத்தார். கள உதவியாளர் ஒருவர் தேவை. மலையை அறிந்தவராகவும் தாவரவியல் பட்டம் பெற்றவராகவும் இருத்தல் நலம். யாரேனும் உண்டா என்று வினவினார். வழித்துணைவரின் முகம் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. கூடவே இன்னொரு முகமும் வந்தது. என்னோடு பணியாற்றிய ஒருவரின் மருமகன். மும்முறை தன் விவரக் குறிப்பை அனுப்பியவர்; பழக்கூடையோடு வீடு தேடி வந்தவர்; அன்று காலையிலும் அழைத்து நலம் வினவியவர். அவருடைய பெயரையே சொன்னேன். ‘இவருக்கு வேண்டுமென்றால் கேட்டிருப்பாரே’ என்று வழித்துணைவரைப் பற்றி என் மனத்துக்கு நானே அமைதி கூறிக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் சொற்களோடு புழங்கியவன் நான். இதனினும் இழிந்த சொற்றொடரை நான் அமைத்ததில்லை.

இதனோடும் முடியவில்லை. வேலையில் சேர்ந்த மருமகன் சில நாள்களில் அழைத்தார். “ஐயா, இங்க ஒண்ணும் புரிய மாட்டேங்குது. எந்தச் செடி எங்க இருக்குன்னு காட்ட, உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?” என் கைப்பேசியில் ‘கொல்லிமலை வழி’ என்று பதிந்துவைத்திருந்த எண்ணை உடனே அனுப்பினேன். இருவருக்கும் உதவியதாகவே அப்போது நினைத்தேன்.

சொற்றொகுப்பு நூலாக வெளிவந்ததும், அவரிடம் ஒரு படி கொடுப்பதற்காகச் சென்ற மாதம் மலையேறினேன். முன்கூட்டியே அழைத்துப் பார்த்தேன்; அந்த எண் பயன்பாட்டில் இல்லை. நிறுத்தத்தில் யாரும் நிற்கவில்லை. அவர் முன்பு இருமுறை அழைத்தும் நான் போகாதிருந்த வீட்டுக்கு, வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். வாசலில் ஓர் அம்மையார் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார், அவர் மனைவி. நான் யாரென்று சொல்லத் தொடங்கியதும் உள்ளே போய்த் தகரப் பெட்டியை எடுத்துவந்து, சீட்டுகளைப் பாயில் பரப்பினார்.

“இதுல நீங்க எதுங்க?”

நாற்பதுக்குக் குறையாத சீட்டுகள். குனிந்து தேடி என்னுடையதைச் சுட்டினேன். அவர் அதை எடுத்து, பின்புறத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வரும்போது கையில் காப்பி இருந்தது. அதில் சர்க்கரை இல்லை.

“எங்க ஊட்டுக்காரரு ரிக் வண்டிக்குப் போயி எட்டு மாசமாச்சுங்க” என்றார், மிளகைத் துழாவியபடி. “படிச்சு முடிச்சதும் இத்தன பேருக்கும் சேதி போட்டாருங்க. அத்தன பேரும் பூவு அனுப்புனாங்க. புள்ளகிட்டக் காட்டிக் காட்டிச் சிரிச்சாரு. இந்தப் பூவெல்லாம் கட்டுனா நம்ம கோயிலுக்கு ஒரு வருசத்துக்கு ஆவுமின்னு.”

நான் காப்பியைக் கீழே வைத்தேன். அவர் தொடர்ந்தார்.

“அப்பறம் உங்க பேரச் சொல்லிக்கிட்டு ஒரு தம்பி வந்தாப்புல. மூணு நாளுக் கூட்டிக்கிட்டுப் போயிச் செடியெல்லாம் காட்டுனாரு. அந்தத் தம்பிக்கு என்ன வேல, எப்பிடிக் கெடச்சுதுன்னு அந்தத் தம்பியே சொல்லிருச்சுங்க. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சோறு திங்குலீங்க. அடுத்த வாரம் வண்டி ஏறிட்டாரு.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அம்மா” என்றேன். என் வாய் அப்போதும் அதையேதான் சொன்னது.

அவர் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். “கேக்கறதுங்களா? உங்களையுங்களா? உங்களப்போயி அப்பிடி நெனப்பாருங்களா?”

புறப்படும்போது நூலை அவரிடம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டு, என் சீட்டை என்னிடமே நீட்டினார். குரலில் சினம் சிறிதும் இல்லை. “இதைக் கொண்டுக்கிட்டுப் போங்க சாமி. வேற யாருக்காச்சும் குடுக்க ஆவுமுங்க.”

பேருந்து நிறுத்தத்துக்குத் தனியே இறங்கி நடந்தேன். முழங்கால்கள் கடுத்தன. வழியெங்கும் மிளகுக்கொடிகள் இருந்தன. நின்று பார்க்கலாம் என்று சொல்வதற்குத்தான் யாருமில்லை. பேருந்தில் அமர்ந்தபின்பே சீட்டின் பின்புறத்தை முழுமையாகப் படித்தேன். இப்போது மேசைமேல் கவிழ்ந்து கிடக்கும் அதை மீண்டும் திருப்புகிறேன். மூன்றாவது குறிப்பு இது:

“முழங்கால் வலி இருக்குது. வாய்விட்டுக் கேக்க மாட்டாரு. நாமளேதான் பாத்து நிக்கோணும்.”