பாட்டுக்கு நியாயம் சொல்லும் லீலாவதி

ஜனக்புரியில் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு லீலாவதி வீட்டுக் கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது. உள்ளே அவள் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். குக்கர் விசில் போனில் பதிவாகிவிடுமென்று அடுப்பை முன்பே அணைத்திருப்பாள். ஃபேனும் ஓடாது. டில்லி வெக்கையில் ஃபேன் இல்லாமல் உட்காருவது லேசான காரியமா? அவள் வீட்டுக்காரர் இராஜமாணிக்கம் பனியனோடு மாடிப்படியில் காவல் உட்கார்ந்திருப்பார். காய் விற்கும் சப்ஜிக்காரப் பையா வந்தாலும் சரி, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்தாலும் சரி, வாயில் விரலை வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, "ஆத்தா துணை. எல்லாரும் சொகமா இருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பாள் லீலாவதி. பிறகு அந்த வாரம் கேட்ட நாட்டுப்புறப் பாட்டு ஆல்பம் ஒன்றை எடுத்து நிறை குறை சொல்வாள். பாடியவர் எந்த ஊர், எந்தக் கோயில் கொடைவிழாவில் பாட ஆரம்பித்தார், கேசட் காலத்தில் எப்படி இருந்தார், இப்போது குரல் எங்கே நிற்கிறது என்று ஒரு ஆளின் வாழ்க்கையையே விரித்துவிடுவாள்.

ஆண்டிபட்டிப் பக்கம் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மத்திய சர்க்கார் ஆபீஸில் வயர்மேன் வேலை பார்த்த இராஜமாணிக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு டில்லிக்கு வந்தாள். முதலில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ், பிறகு ஜனக்புரி. ஹிந்தி தெரியாத அந்த முதல் வருஷங்களில் டேப் ரெக்கார்டர்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. ஊருக்குப் போய்வரும் யாரிடமும் அவள் அப்பளம், வடகம் கேட்டதில்லை. "பாட்டுக் கேசட் இருந்தா வாங்கிட்டு வாங்க" என்பாள்.

இந்தப் பேச்சு ஆரம்பித்ததும் தற்செயல்தான். கோயில் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, முளைப்பாரிக்கு எந்தக் கும்மிப் பாட்டைப் போடலாம் என்று கேட்டாள். லீலாவதி குரலிலேயே பதில் அனுப்பினாள். ஒரு பாட்டைச் சொல்லி, அது ஏன் நல்லது, இன்னொன்று ஏன் ஆகாது என்று நீட்டிவிட்டாள். அது ஊர் ஊராகச் சுற்றிச் சிங்கப்பூர் வரை போய்விட்டுத் திரும்பி அவளுக்கே வந்தது. மகள் ஸ்நேஹா, குர்கானில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், அம்மா பேரில் ஒரு சேனல் திறந்து கொடுத்தாள்.

அவள் பேச்சில் படாடோபம் இருக்காது. "ஒயிலாட்டப் பாட்டுன்னா கால் ஆடணும். இதுல தலைதான் ஆடுது" என்பாள். "கீபோர்டு பெருங்காயம் மாதிரிங்க. கிள்ளிப் போட்டா மணம். இந்தத் தம்பி டப்பாவையே கவுத்திட்டாரு" என்பாள். குறை சொன்னாலும் யாரையும் நோகடிக்க மாட்டாள். கேட்டு முடிக்காமல் வாய் திறக்க மாட்டாள் என்றுதான் எல்லோரும் அவளை நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்குத்தான் ஒரு ஆடியில் சோதனை வந்தது.

வருசநாட்டுத் தங்கம் என்று ஒரு பாடகி. உடுக்கையைத் தானே அடித்துக்கொண்டு அம்மன் வர்ணிப்புப் பாடும் பெண். வர்ணிப்பு என்றால் அம்மனை முடி முதல் அடி வரை வர்ணித்துப் பாடி, வா தாயே என்று அழைப்பது. ஆண்கள் கையில் இருந்த உடுக்கையைச் சின்ன வயதிலேயே துணிந்து எடுத்தவள் தங்கம். கோயில் கோயிலாகப் பாடிப் பெயர் எடுத்தாள். நடுவில் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி, பாட்டே போயிற்று என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, இப்போது எழுந்து வந்து ஒரு ஆல்பம் போட்டிருந்தாள். அந்தச் சேதி கேட்ட அன்று லீலாவதி கோயிலுக்குப் போய் எலுமிச்சை விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். பக்கத்து அம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர் சுரேஷ்குமாரும், ஆடித் திருவிழாவுக்குத் தங்கத்தையே டில்லிக்கு வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு தங்கம் ஏறப்போகும் முதல் மேடை அது.

லீலாவதி அந்த ஆல்பத்தைச் சமையலறையில் முதலிலிருந்து கேட்டாள். கும்மி, தெம்மாங்கு, குலவைப் பாட்டு என்று ஒவ்வொன்றும் மனசுக்கு நிறைவு. வர்ணிப்பு ஆரம்பித்ததும் போனை நிறுத்திவிட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டு கேட்கிற பாட்டா அது? செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, கை கூப்பி நின்று அதை மட்டும் போட்டாள். உடுக்கை எழுந்தது. தங்கத்தின் குரல் பழைய மாதிரி வழுக்கிக்கொண்டு வரவில்லை. கல்லில் உரசிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த உரசலில்தான் நெருப்பு இருந்தது. லீலாவதிக்கு உடம்பு சிலிர்த்து, கால் தரையில் நிற்கவில்லை.

பாட்டு முடிந்த அந்த நிமிஷம் போனில் ஒரு பிஸ்கட் விளம்பரம் துள்ளிக்கொண்டு வந்தது.

பதறிப்போனாள். ஆத்தாளை அழைத்த வாயோடு பிஸ்கட்டா? போனை அணைத்துத் துணியால் மூடினாள். சாமியை அழைத்தால் மலையேற்ற வேண்டும், அதாவது பாடி வணங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் முறை. விருந்தாளியை வரச்சொல்லிவிட்டு வாசலில் நிற்க வைப்போமா? அவளே சூடம் காட்டி, தண்ணீர் தெளித்து, தெரிந்த வார்த்தையில் அம்மனை மலையேற்றினாள். பிறகும் நெஞ்சு ஆறவில்லை. இவ்வளவு தெரிந்த தங்கம் இப்படிச் செய்துவிட்டாளே!

வெள்ளிக்கிழமை மனதில் பட்டதைச் சொன்னாள். தங்கத்தின் வாழ்க்கையைச் சொன்னாள், குரலைச் சொன்னாள், பெருமையாகத்தான் சொன்னாள். கடைசியில், "ஆனா ஒரு கொறை. ஆத்தாள அழச்சிட்டு மலையேத்தாம விட்டுட்டாங்க. அது மட்டும் என் மனசுக்கு ஒப்பலைங்க" என்று முடித்தாள்.

அந்த ஒரு வரி கோயிலைச் சுற்றிவிட்டது. இரண்டொரு நாளில் சுரேஷ்குமார் போன் செய்தார்.

"லீலாக்கா, நீங்க பேசுனதைக் கேட்டு நம்ம கமிட்டிப் பெரியவர் மகாதேவன் மாமா ஒத்தக் கால்ல நிக்கறாரு. சாமிய அழச்சுட்டு அனுப்பாத பாடகி நம்ம கோயிலுக்கு வேண்டாங்கறாரு. நாளைக்குக் கமிட்டி கூடுது. வேற பார்ட்டிய புக் பண்ணிருவோம்."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலியே தம்பி."

"நீங்க சொன்னா கோயில் மணி அடிச்ச மாதிரிக்கா. யாரு மறுத்துப் பேசுவா?"

அன்று சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது.

"லீலாவதியா? தங்கம் பேசுறேன்த்தா. வருசநாட்டுத் தங்கம்."

உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா…"

"ஒம் பேச்சக் கேட்டேன். நல்லாத்தான் பேசுற. என் தொண்டையப் பத்திச் சொன்னியே, வெட்டித் தச்ச டாக்டருக்குக்கூட அம்புட்டுத் தெரியாது."

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மனசுல பட்டதச் சொன்னேன்."

"அது கெடக்கட்டும். வர்ணிப்புக்கு அடுத்த பாட்டு எப்படி இருக்கு?"

"அடுத்த பாட்டா? வர்ணிப்புதானக்கா கடைசி?"

தங்கம் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அடி கூறுகெட்டவளே! ஆத்தாள வாசல்ல நிறுத்திட்டுப் போறதுக்கு நான் என்ன நேத்துப் பொறந்தவளா? அடுத்த பாட்டுப் பூராவும் மலையேத்துறதுதான்டி. அதுக்கு மேல வேற பாட்டுப் பாடக் கூடாதுன்னுதான் அதக் கடைசியில வச்சேன்."

லீலாவதி விசும்ப ஆரம்பித்தாள்.

"அழுவாத. கேட்டுப் பாரு. கேட்டுட்டு அது நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே சொல்லு, ஏத்துக்கிறேன். கேக்காம சொல்லாதத்தா." போன் வைக்கப்பட்டது. திருவிழா மேடை கைவிட்டுப் போய்விடும் என்பதைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்நேஹா வேலை முடிந்து வந்ததும் போனை அவள் கையில் கொடுத்தாள் லீலாவதி. பாட்டுப் பேரெல்லாம் அவளுக்குப் படிக்க வராத இங்கிலீஷ் எழுத்தில் இருந்தன. மகள் விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"அரே அம்மா, இதோ ஒண்ணு பாக்கி இருக்கு. அந்த பிஸ்கட் ஆட் வந்ததும் நீ ஆஃப் பண்ணிட்டே. ஆட் முடிஞ்சா இதுதான் வந்திருக்கும்."

மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். உடுக்கை மட்டும்தான், வேறு வாத்தியம் இல்லை. வேகமாக அடித்த கை, கோபமாக வந்தவளைத் தட்டித் தணிப்பதுபோல் அடி அடியாக மெதுவாகிக்கொண்டே போனது. பாட்டின் முடிவில் உடுக்கை எப்போது நின்றது என்றே தெரியவில்லை. லீலாவதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இப்படி ஒரு மலையேற்றுப் பாட்டை அவள் ஆயுசில் கேட்டதில்லை. அதைக் கேட்காமலே குறை சொல்லியிருக்கிறாள்.

உடனே சுரேஷ்குமாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அச்சா, அப்ப ஈசிக்கா. நீங்க பேசுனதச் சத்தமில்லாம டெலீட் பண்ணிருங்க. கமிட்டில நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

"சமாளிக்கிறதுன்னா பொய் சொல்றதா தம்பி? அம்மன் கோயில் கமிட்டியில உக்காந்துக்கிட்டா?"

"அக்கா, உங்க பேருக்காகத்தான் சொல்றேன்."

இராஜமாணிக்கமும் அதையேதான் சொன்னார். "இந்தா, அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. கேக்காமப் பேசுறவன்னு ஒருதடவ பேராயிருச்சுன்னா, அப்புறம் நீ என்ன பேசினாலும் யாரு நம்புவா?"

"எம் பேரு என்னங்க பெரிய பேரு. அரிசி டப்பாவுக்கு முன்னாடி உக்காந்து சம்பாரிச்ச பேரு. அந்த அம்மா செத்துப் பொழச்சு வந்து வச்சிருக்க பேருங்க அது." திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "ஆத்தா துணைன்னு ஆரம்பிச்ச பேச்ச யாருக்கும் தெரியாம அழிச்சா, ஏத்துன வெளக்க வாயால ஊதி அணைச்ச மாதிரி. ஃபேன நிறுத்துங்க."

"இன்னைக்கு வெள்ளிக்கெழம இல்லியே?"

"தப்புக்கு நாள் கெழமை பாக்கணுமாக்கும்?"

இராஜமாணிக்கம் சுவிட்சை அணைத்துவிட்டு மாடிப்படிக்குப் போனார்.

அன்று லீலாவதி பேசியதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். "போன வாரம் ஒரு கொறை சொன்னேன். அந்தக் கொறை தங்கம் அக்காகிட்ட இல்ல, எங்கிட்ட. கடைசிப் பாட்டக் கேக்காமலே தீர்ப்புச் சொல்லிட்டேன். அந்தப் பேச்ச நான் அழிக்கல. அதுவும் கெடக்கட்டும், இதுவும் கெடக்கட்டும். ரெண்டையும் கேளுங்க" என்று நேராகச் சொன்னாள். அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை. பிறகு அந்தக் கடைசிப் பாட்டை எடுத்துக்கொண்டாள். அழைப்பதற்கு வேகம் போதும், அனுப்புவதற்குப் பக்குவம் வேண்டும் என்றாள். ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த குரல் இந்தப் பாட்டைப் பாடியிருக்க முடியாது, வலி தெரிந்த குரல்தான் பாட முடியும் என்றாள். அவள் இதுவரை பேசியதிலேயே அதுதான் உசத்தி.

மறுநாள் கமிட்டியில் சுரேஷ்குமார் எதையும் சமாளிக்கவில்லை. லீலாவதி பேச்சையும், பின்னாலேயே பாட்டையும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொண்டார். மகாதேவன் மாமா கண்ணை மூடிக் கேட்டாராம். முடிந்ததும், "தங்கமே வரட்டும்யா. தப்ப இப்படிச் சபையில ஒத்துக்கறா பாரு, இனிமே அவ சொல்றதக் கண்ண மூடிண்டு நம்பலாம்" என்றாராம். பெயர் கெட்டுவிடும் என்று பயந்த பேச்சுத்தான் அவள் பெயரை நிலைநிறுத்தியது. அம்மன் கணக்கு நமக்கு எங்கே புரிகிறது?

ஆடி ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் நிற்க இடமில்லை. முனிர்காவில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். தங்கம் மேடையேறி உடுக்கையைத் தொட்டுக் கும்பிட்டாள். கும்மியில் ஆரம்பித்து வர்ணிப்புக்கு வந்தபோது பெண்கள் கூட்டத்தில் குலவை எழுந்தது. மலையேற்றும் பாட்டுக்கு டில்லிக் குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. உடுக்கை ஓய்ந்த பிறகும் யாரும் கைதட்டவில்லை. கும்பிட்ட கைகள் பிரியவில்லை, அவ்வளவுதான்.

பந்தலுக்குப் பின்னால் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த தங்கத்தின் காலைத் தொடப் போனாள் லீலாவதி. தங்கம் தடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இன்னைக்குப் பூராத்தையும் கேட்டியாத்தா?"

"கடைசி அடி வரைக்கும் கேட்டேன்கா."

"அப்பச் சொல்லு. எப்படி?"

இராஜமாணிக்கம் மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பயனில்லை.

"மலையேத்துனது தெய்வக்காரியம்கா. ஆனா ரெண்டாவது கும்மி ஓடிருச்சு. கை தட்டி முடிக்கிறதுக்குள்ள அடுத்த அடி வந்துருச்சு. பொம்பளைங்க தெணறிப்போயிட்டாங்க."

"மைக் செட்டுக்காரன் ஜல்தி ஜல்தின்னு உசுர எடுத்துட்டான்டி."

"அவன் சொல்லுவான்கா, அவனுக்குக் கும்மி தெரியுமா? நீங்க ஏன் கேட்டீங்க?"

தங்கம் இடுப்பில் கை வைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இத வெள்ளிக்கெழம ஊரறியச் சொல்லப் போறியாக்கும்?"

"சொல்லுவேன்கா. நல்லதையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

"சொல்லு, சொல்லு. அடுத்த ஊர்ல நிதானமா அடிக்கிறேன்." தங்கம் இராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, ஒங்க வீட்டுக்காரி தங்கமானவ. ஆனா காது ரொம்பப் பொல்லாதது."

"ஆமாங்க," என்றார் இராஜமாணிக்கம், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "அதுக்காகத்தான நான் ஃபேன் இல்லாம உக்காந்திருக்கேன்."