காய்ச்சல்காரரின் ரிங்கோ

பினாங்கில் ஜப்பான்காரர் ஆட்சி நடந்தபோது, அவர்களுடைய மொழி வகுப்பில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தேன். வாத்தியார் ஆப்பிள் படத்தைத் தூக்கிக் காட்டி "ரிங்கோ" என்றார். மறுநாள் நான் போகவில்லை. ஆக, என் ஜப்பான் மொழிப் புலமை ஒரு பழத்தோடு முடிந்தது. சொந்த ஊரான மண்டபத்துக்குத் திரும்பியதும் அந்த ஒற்றைப் பழத்தை ஊராரிடம் தோட்டமாகவே சொல்லிவைத்தேன்.

சில வருடம் கழித்து, எங்கள் ஊர் மீனவர்களுக்கு நைலான் வலையைப் பழக்கிக்கொடுக்க ஒரு ஜப்பான்காரர் வந்தார். கடலோரத்தில் சோற்றுக்கடை வைத்திருந்த என் அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கினார். வந்த வாரமே காய்ச்சல். ஊசி போட்ட டாக்டர், "வயித்துக்குள்ள எதாவது போகணும். இல்லேன்னா ஆளு தாங்காது" என்று சொல்லிப் போனார். அக்கா கஞ்சி நீட்டினாள், ரசம் நீட்டினாள். மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏலே, ஜப்பான் பாசைக்காரா! பேசிப் பாரு. யாரு பெத்த பிள்ளையோ, இங்கன வந்து போயிரப்போகுது" என்றாள் என்னிடம்.

எங்கள் பக்கத்தில் ஆப்பிள் என்பது நோயாளியின் பழம். நடக்கிறவன் கையில் அதைப் பார்த்தால் "யாருக்கு முடியல?" என்றுதான் கேட்பார்கள். இராமநாதபுரத்தில் ஒன்று வாங்கி, ரயில் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கட்டிலருகே நின்று, என் மொத்தக் கல்வியையும் திரட்டி, "ரிங்கோ" என்றேன்.

கண் திறந்தது. "ரிங்ஙோ" என்றார், மூக்கோடு இழைந்த குரலில். நம் அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ங, அவர் வாயில் அப்படிக் கனிந்திருந்தது.

அக்கா பழத்தைப் பாதியாக அரிந்து நீட்டினாள். அவர் தலையசைத்து, உள்ளங்கையில் விரல்களைத் தேய்த்துக் காட்டினார்.

"என்னலே சொல்றாரு?"

"கை கழுவணுமாம்."

"போடா கூமுட்டை, துருவச் சொல்றாரு!"

தேங்காய் மூடியைத் துருவுவது போலவே அக்கா துருவினாள். ஒரு கரண்டி உள்ளே போனது. கண்ணை மூடி, சின்னப் பிள்ளையாக அடுத்ததற்கு வாய் திறந்தார். அத்தனை கடல் தாண்டி, அவர் ஊரிலும் காய்ச்சல் பிள்ளைக்கு யாரோ இதே பழத்தைத் துருவியிருக்கிறார்கள்!

முழுப் பழமும் தீர்ந்து கிண்ணம் காலியானது. அவரே அதை எடுத்து எங்களிடம் நீட்டினார்.

"பாத்துக்கிட்டு நிக்காத. அடுத்த ரயிலுக்கு ஓடு" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.