பாதி வரைந்தால் போதும்

போன சனிக்கிழமை மத்தியானம், கிள்ளானில் ஒரு வீட்டில், நான் வரைந்த படத்தை ஓர் அம்மாள் கையில் வாங்கிப் பார்த்தார். பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். பாராட்டப் போகிறார் என்று நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். அடக்கமான முகம் எனக்குச் சுலபத்தில் வராது. வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அவர் நிமிர்ந்து கேட்டார்: "யாரு தம்பி இது?"

அது அவருடைய கணவர்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் பிழைப்பு என்னவென்று வழக்கமாகப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் மாடியில் ஒரு கடை. கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், கருமாதிக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் நினைவு அட்டை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கத்தரிக்கோலும் பசையுமாக இருந்தேன். அப்போதெல்லாம் 'ஒட்டுகிறவன்' என்ற பணிவு இருந்தது. கம்ப்யூட்டர் வந்த மறுநாளே 'ஓவியர்' ஆகிவிட்டேன்.

இந்தப் படம் வரையும் சாஃப்ட்வேர் இருக்கிறதே — அதில் பென்சில் பிடிக்கவே வேண்டாம். ஒரு புள்ளி வைக்க வேண்டும். தள்ளி இன்னொரு புள்ளி. நடுவில் கோடு தானாக வந்து நிற்கும். புள்ளியின் இரண்டு பக்கமும் மீசை மாதிரி கைப்பிடி நீளும். அந்த மீசையை மௌஸால் பிடித்து இழுத்தால் கோடு வளையும். எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறு தட்டாது. பத்துமலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு நான் போட்டுக் கொடுத்த ஆளுயர வேல், திரையில் என் கட்டைவிரல் அளவில் பிறந்ததுதான்.

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. குத்துவிளக்கு வேண்டுமா? பாதி விளக்கு வரை. அதை நகல் எடு. கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பு. இரண்டையும் ஒட்டு. முழு விளக்கு ரெடி! பூரண கும்பம், மயில் ஜோடி, வாசல் வாழைமரம் எல்லாமே இந்த வகைதான். என் அட்டைகளை உற்றுப் பார்த்தால் இடது வாழையில் எந்த இலை கிழிந்திருக்கிறதோ, வலது வாழையிலும் அதே இலை அதே இடத்தில் கிழிந்திருக்கும். இதுவரை ஒரு மாப்பிள்ளைகூடக் கண்டுபிடித்ததில்லை. அவர்களுக்கு வேறு கவலை.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை குணா வந்தான். முன்பு எனக்கு அட்டை அடித்துக் கொடுத்த அச்சகத்தில் வேலை பார்த்தவன். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அண்ணே, எங்க மாமா போயிட்டாருண்ணே. ஞாயித்துக்கிழமை கருமாதி. அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. மாமா முகம் வேணுமாம். அட்டையில ஒண்ணு, சாமி ரூம்ல மாட்ட பெருசா ஒண்ணு."

மாமா மாணிக்கம், லோரி ஓட்டுநர். துறைமுகத்துக்கும் ஜெஞ்சாரோமுக்கும் இருபது வருடமாகச் சாமான் ஏற்றியவர். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"போட்டோ குடு."

"அதாண்ணே பிரச்சினை. கல்யாண ஆல்பம் வெள்ளத்துல போச்சு. லைசென்ஸ் படம் வேர்வையில வெளுத்து, காலர் மட்டும்தான் தெரியுது. ஐசி இருந்துச்சு. இறப்பு பதியப் போனப்ப ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி இதை எடுத்து வெச்சேன்."

நீட்டினான். அடையாள அட்டையின் போட்டோஸ்டேட். தபால்தலை அளவு முகம். அதிலும் அவருடைய வலது பாதி மையைக் கொட்டிய மாதிரி ஒரே கறுப்பு. இடது பாதி மட்டும் ஏதோ தெரிந்தது. ஒரு கண், அரை மூக்கு, அரை மீசை.

நல்ல மனிதன் என்ன சொல்லியிருப்பான்? 'இதில் முடியாதுப்பா' என்றிருப்பான். நான் சொன்னது: "பாதி இருக்குல்ல? போதும்லா!"

வரைந்தேன். ஸ்கேன் செய்து, அடியில் வைத்து, புள்ளி புள்ளியாகக் காது, கன்னம், தாடை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பாதிக்கு நான் ஏமாற்றவில்லை. இரண்டு நாள் உழைத்தேன். அப்புறம் கை தானாகப் பழக்கத்துக்குப் போனது. நகல் எடு. திருப்பு. ஒட்டு.

முழு மாணிக்கம் ரெடி.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி திரையைப் பார்த்தாள். "யாரு, தேர்தல்ல நிக்கிறாரா?"

"ஏன்?"

"பொய் சொல்ற முகமா இருக்கே."

கலைஞனுக்கு வீட்டில் மரியாதை கிடையாது என்று நினைத்துக்கொண்டு, படத்தைப் பக்கம் அமைக்கும் சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோனேன். நான்கு மூலையிலும் நான்கு விளக்கு, அதாவது ஒரே அரை விளக்கு எட்டுத் தடவை. நட்டநடுவே மாணிக்கம். கீழே பிறப்பு, இறப்பு. முந்நூறு அட்டை அச்சாகி வந்தது. பெரிய படத்துக்குச் சட்டமும் போட்டாயிற்று.

சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போனேன். நன்றிக் கண்ணீரை நேரில் பார்க்கும் ஆசை. வேறென்ன?

"யாரு தம்பி இது?"

"மாமாதான்கா," என்றான் குணா.

குணாவின் அக்கா சரோஜா மறுபடி பார்த்தார். கோபமில்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையால் படத்தின் ஒரு பக்கத்தை மூடினார். முகம் மாறியது.

"இதோ, அவருதான்."

கையை எடுத்தார். "இப்ப இல்ல."

மறுபடி மூடினார். "பாதிதான் வந்திருக்காரு தம்பி."

நான் தரையைப் பார்த்தேன். ஒத்திகை பார்த்த அடக்கம் இப்போது தேவையே இல்லாமல் வந்தது.

"அவருக்கு அந்தக் கண்ணு சின்னது," என்றார். "லோரி ஜன்னல் பக்கம்லா. இருபது வருசமா வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். கண்ணு சுருங்கியே போச்சு. அந்தப் பக்கத்து வாயும் கொஞ்சம் மேல ஏறியிருக்கும். சும்மா இருந்தாலும் நம்மளக் கிண்டல் பண்ற மாதிரியே தெரியும். நான் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன், ஏன் சிரிக்கிறீங்கன்னு..."

ஆக, ஜெராக்ஸ் மெஷின் விழுங்கிய பாதியில்தான் மனிதர் இருந்திருக்கிறார். நான் கஷ்டப்பட்டுக் காப்பாற்றியது வெயில் படாத பாதியை.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். விட்டேனா? "அக்கா, திங்கட்கிழமை கடைக்கு வாங்க. நீங்க சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்தை வரைஞ்சிடுறேன். கம்ப்யூட்டர்ல முடியாதது இல்லக்கா."

கருமாதியில் அந்த முந்நூறு அட்டை இருந்த பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. வந்தவர்கள் விளக்கைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை அக்கா வந்தார். என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். திருப்பி ஒட்டிய பாதியைப் பிரித்துத் தனியாக எடுத்தேன். புள்ளிகளைத் தட்டி எழுப்பினேன்.

"கண்ணைச் சின்னதாக்கட்டுமா?"

"ம். இன்னும் கொஞ்சம். ஐயோ, இவ்வளவு இல்ல. தூங்கற மாதிரி இருக்கு."

இழுத்தேன். "இப்ப?"

"கோபக்காரர் மாதிரி இருக்காரே. அவரு கோபப்பட்டதே இல்ல."

வாயின் ஓரப் புள்ளியை மேலே தூக்கினேன். வில்லன் வந்தான். இறக்கினேன். பல் டாக்டரிடம் உட்கார்ந்த ஆள் வந்தான். புருவத்தை மாற்றினேன். யார் யாரோ வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் இருபது பேராவது வந்து போனார்கள். மாணிக்கம் மட்டும் வரவில்லை.

"கண்ணுக்குக் கீழ சுருக்கம் இருந்துச்சா அக்கா?"

"இருந்துச்சு... ரெண்டு." நிறுத்தினார். "மூணா? இருங்க... ரெண்டுதான். இல்ல..."

நான் மூன்று போட்டுக் காட்டினேன். இரண்டு போட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கண்ணை மூடினார். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் தம்பி. நிறுத்திடுங்க. இவங்களையெல்லாம் பாத்துப் பாத்து எனக்கு அவரு மறக்குறாரு. காலையில வரும்போதுகூட இருந்தாரு..."

மௌஸிலிருந்து கையை எடுத்தேன். இவ்வளவு நாள் இந்தத் தொழிலில் எத்தனையோ கெடுத்திருக்கிறேன். மணமகள் பெயரை அட்டைக்கு வெளியே தள்ளியிருக்கிறேன். சாமிக்குப் பச்சை முகம் கொடுத்திருக்கிறேன். எல்லாம் மறுபடி அச்சடித்தால் தீர்ந்துவிடும். இதை எந்த அச்சகத்தில் கொடுப்பேன்?

கடைசியில் அக்காவே வழி சொன்னார். "அந்தப் பக்கத்தை அழிச்சிடுங்க. இருக்கற பாதியை மட்டும் குடுங்க."

"அசிங்கமா இருக்குமேக்கா. பாதிச் சட்டம் வெள்ளையா..."

"மாலையை அந்தப் பக்கமாத் தொங்க விட்டுக்கறேன்."

அழித்தேன். காலியிடம் என்றாலே என் வாடிக்கையாளர்களுக்கு ஆகாது. 'அங்க ஒரு பூ போடுங்க பாஸ்' என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். இந்தமுறை போடவில்லை. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கண், அரை மூக்கு, அரை மீசை. அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அச்செடுத்துக் கொடுத்த தாளை அக்கா சுருட்டி முந்தானையால் மூடிக்கொண்டு, படியில் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார். நன்றி சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில், சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் கேட்டேன். "என் கண்ணுல எது சின்னது?"

வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் வந்தது. "இடது. பொய் சொல்லும்போது இன்னும் சின்னதாகும்."

அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள், பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் பால் இருந்தது.